எச்.ஐ.வி. நம்மைத் தாண்டிப்போன 332ஆம் இடம்

ரீசஸ் குரங்கின் செல்லுக்குள் எச்.ஐ.வி.-1 (எச்.ஐ.வி.யின் முக்கிய வகை) நுழைந்துவிடும், ஆனால் பெருகாது. நுழைந்த கையோடு அதை மடக்குவது ட்ரிம்5-ஆல்ஃபா என்ற புரதம்தான் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். அதே புரதம் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி.யிடம் அதன் பாச்சா பலிப்பதில்லை. ஏன்?

எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை ஒரு கூம்பு வடிவப் புரத உறைக்குள் வைத்துக் கொண்டுவருகிறது. உறையின் மேற்பரப்பு பெரும்பாலும் அறுகோணங்களால் ஆனது. ட்ரிம்5-ஆல்ஃபா அதன்மேல் அறுகோணக் கண்ணிகள் கொண்ட வலையாகப் பின்னிக்கொள்ளும். உறை நேரங்கெட்ட நேரத்தில் குலையும், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் வேலை அதோடு கெட்டது. இதற்கு வலை உறையில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தும் பகுதியில், மனிதப் புரதத்தின் 332ஆம் இடத்தில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது; புரதங்கள் இத்தகைய அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள்தான். ரீசஸில் அதே இடத்தில் புரோலைன். 2005இல் ஆய்வுக்கூடத்தில் அந்த ஆர்ஜினைனை மட்டும் எடுத்துவிட்டுப் புரோலைனை வைத்துப் பார்த்தார்கள். மனிதப் புரதம் எச்.ஐ.வி.-1ஐத் தடுக்கத் தொடங்கியது. மொத்தம் 493 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று!

நம் முன்னோரை எச்.ஐ.வி. வடிவமைத்திருக்க முடியாது. சிம்பன்சியிடமிருந்து அது மனிதனுக்குத் தாவி நூறு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ட்ரிம்5-ஆல்ஃபாவைத் தரும் ட்ரிம்5 மரபணு மோதிப் பழகியது அதைவிட மிகப் பழைய வைரஸ்களோடு. இதற்குத் தடயம் மரபணுவிலேயே கிடைக்கிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் சில சமயம் அமினோ அமிலமும் மாறும், சில சமயம் மாறாது. புரதத்தை மாற்றுபவை பெரும்பாலும் கேடு செய்வதால் கழிந்துபோகும். மாற்றாதவைதான் அதிகம் தங்கும். ஆனால் குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், மனிதன் ஆகியோரின் ட்ரிம்5ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உறையைத் தொடும் 13 அமினோ அமிலத் துண்டில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அந்த இடத்தில் மாறியவர்களே பிழைத்திருக்கிறார்கள்.

சரி, வைரஸ் சும்மா இருக்குமா? அப்போபெக்3ஜி என்ற இன்னொரு புரதம், வைரஸ் புதிதாக எழுதும் டி.என்.ஏ.வில் எழுத்துகளை மாற்றி அதைப் பாழாக்கும். எச்.ஐ.வி.யின் விஃப் புரதம் அந்த அப்போபெக்கைப் பிடித்து, செல்லின் சொந்தக் கழிவகற்றும் இயந்திரத்திலேயே தள்ளிவிடும். இங்கேயும் ஓர் இடம்தான் தீர்மானிக்கிறது: 128ஆம் அமினோ அமிலம். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கில் அது வேறு என்பதால், எச்.ஐ.வி.யின் விஃப் அதன் அப்போபெக்கை அசைக்க முடிவதில்லை. ஓர் இனத்தின் வைரஸ் இன்னோர் இனத்துக்குத் தாவத் தடுமாறுவதற்கு இத்தகைய சிறு வித்தியாசங்களும் ஒரு முக்கியக் காரணம்.

என்னை அதிகம் வியக்கவைப்பது எலிகளின் எஃப்வி1 மரபணு. எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் எலி லுக்கேமியா வைரஸின் உறையைக் குறிவைத்து அதைத் தடுக்கும் காவலன் அது. 1996இல் அதைப் பிரித்தெடுத்துப் படித்தபோது, அது எலியின் சொந்த மரபணு போலவே இல்லை. எப்போதோ எலியின் டி.என்.ஏ.வில் புகுந்து தங்கிவிட்ட ஒரு ரெட்ரோவைரஸின் (எச்.ஐ.வி. போல ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் வைரஸ்) உறைப்புரத மரபணுவிலிருந்து வந்தது என்று தெரிந்தது. மனித டி.என்.ஏ.விலும் சுமார் 8 சதவீதம் இப்படிப் புகுந்த ரெட்ரோவைரஸ்களின் மிச்சம்தான்.