முரண்பாட்டிலிருந்து ஒரு முரண்பாடு

உயர்தரத்தில் அளவையியல், அதாவது லொஜிக், படிக்கும் மருமகள் போன கிழமை வெள்ளவத்தை டியூஷனிலிருந்து நோட்ஸ் ஒன்று கொண்டுவந்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "இம்முரண்பாட்டிலிருந்து ஒரு முரண்பாடு பெறப்படுகிறது." இரண்டு தரம் வாசித்த பிறகுதான் விளங்கியது. முன்னால் நிற்பது பரடொக்ஸ், பின்னால் நிற்பது கொன்ட்ரடிக்‌ஷன். மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொன்ட்ரடிக்‌ஷன் லத்தீன்: எதிராகச் சொல்லுதல். பரடொக்ஸ் கிரேக்கம்: பலருடைய கருத்துக்கு மாறாக நிற்பது. ஒன்று சொல்லோடு மோதுகிறது, மற்றது நம் நினைப்போடு. பிறப்பிலேயே இரண்டும் வேறு.

முரண்பாடு என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. முரண் பழைய சொல், மாறுபாட்டோடு வலிமை, போர் என்ற பொருளும் அதற்கு உண்டு. "மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே" என்கிறது தொல்காப்பியம், செய்யுளின் தொடை பற்றிப் பேசும்போது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ஒன்றாக மாறுகொளக் கூறலை நன்னூல் வைக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மணிமேகலையின் 29ஆம் காதை. அறவண அடிகள் அங்கே மணிமேகலைக்கு அளவை சொல்லிக்கொடுக்கிறார். தன் சொல்லைத் தானே மாற்றிச் சொல்வது சுவசன விருத்தம், அதற்கு உதாரணம் "என் தாய் மலடி". மூன்றே சொல்லில் முழுப் பாடமும் முடிந்தது. எந்த டியூஷன் நோட்ஸிலும் இதைவிட நல்ல உதாரணம் நான் கண்டதில்லை.

ஆக முரண்பாடு என்றால் இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. வெள்ளவத்தையில் மழை, பம்பலப்பிட்டியில் வெயில் என்றால் அது முரண்பாடல்ல, கொழும்பு. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் மழை பெய்கிறது, பெய்யவில்லை என்றால்தான் முரண்பாடு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை, ஒன்றைத் தள்ள வேண்டியதுதான்.

பரடொக்ஸ் அப்படித் தள்ளக்கூடிய சாமானல்ல. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் யூபுலிடிஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி கேட்டதாகச் சொல்லப்படும் பொய்யன் கதையைப் பாருங்கள். "இந்த வாக்கியம் பொய்." மெய் என்று வைத்தால் பொய்யாகிறது, பொய் என்று வைத்தால் மெய்யாகிறது. ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது, கடைசிப் படியில் முரண்பாடு வந்து நிற்கிறது. முரண்பாடு போய்ச் சேரும் இடம், பரடொக்ஸ் அங்கே கொண்டுபோகிற வழி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மேலே சொன்ன வரிதான் கிடைக்கும்.

"பிறந்தநாள் முரண்பாடு" என்று எழுதுகிறார்களே, அது இன்னும் மோசம். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு 50 வீதத்தைத் தாண்டும். 23 பேரில் 253 சோடிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியம் போய்விடும். இதில் எது எதோடு முரண்பட்டது? ஒன்றுமில்லை, நாங்கள் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை. 2021இல் ஆசிரியர்களும் அதிபர்களும் மாதக்கணக்கில் போராடியது சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி. தொண்டு நிறுவனங்களின் செயலமர்வுக்குப் போனால் இன முரண்பாடு, முரண்பாட்டு முகாமைத்துவம். கணக்கு ஒத்துவராவிட்டாலும் முரண்பாடு, புருஷன் பெண்சாதி சண்டை பிடித்தாலும் முரண்பாடு. பிணக்கு, பூசல், ஒவ்வாமை, வேறுபாடு எல்லாம் அகராதியில் சும்மா படுத்துக் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, ஐரனிக்கென்று உண்டாக்கிய முரண்நகையைச் சிலர் பரடொக்ஸுக்கும் போடுகிறார்கள். அகராதியில் முதலாவதாகக் கிடைத்ததை எடுப்பவர்களுக்கு இரண்டாவது சொல் எதற்கு என்று தெரிவதில்லை.

சரி, பரடொக்ஸுக்கு என்ன சொல்? வடமொழியில் விரோதாபாசம் என்பார்கள், விரோதம் போலத் தோன்றுவது. நல்ல சொல்தான், ஆனால் ஆபாசம் தமிழில் என்ன பாடு பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பில் சொன்னால் பின்வாங்கு சிரிக்கும். அந்த ஆபாசத்துக்கு மணிமேகலையே தமிழ் வைத்திருக்கிறது: போலி. ஏதுப் போலி என்பது அங்கே உள்ள சொல். அப்படியானால் முரண்போலி. பிறந்தநாள் கதைக்கு இது அளந்து தைத்த சட்டை. ஆனால் போலி என்றதும் இன்றைக்குப் போலி வைத்தியரும் போலிக் கடவுச்சீட்டும்தான் நினைவுக்கு வரும். அதோடு பொய்யன் வாக்கியத்தில் முரண் தோற்றமாக மட்டும் இல்லை, உண்மையாகவே வந்து குந்திவிடுகிறது.

பரடொக்ஸுக்கு முரண்மெய் என்பதை என்னால் ஏற்கவே முடியாது. மெய்யா பொய்யா என்று தெரியாமல் மண்டை காய்வதுதான் பிரச்சினையே, அதற்குப் பெயரிலேயே மெய் என்று தீர்ப்பு எழுதினால் எப்படி? முரண்புதிர் அந்த அவசரத்தைச் செய்வதில்லை. அவிழ்ந்தாலும் புதிர், அவிழாவிட்டாலும் புதிர். என் வாக்கு அதற்குத்தான். அவிழ்ந்தவற்றை மட்டும் தனியாகச் சுட்ட வேண்டியிருந்தால் முரண்போலி இருக்கட்டும்.

நோட்ஸில் அந்த வரியை வெட்டி, "இம்முரண்புதிரிலிருந்து ஒரு முரண்பாடு பெறப்படுகிறது" என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். மருமகள் பார்த்தாள்.

"இப்பத்தான் மாமா விளங்குது. ஆனா சேர் முரண்பாடு எண்டுதான் சொன்னவர். சோதினையில அப்பிடித்தான் எழுதுவன்."

பென்சில் எழுத்தை அழிக்காமல் கொப்பியை மூடி வைத்தாள்.