கத்தரியை எடுப்பதற்கு முன்: பேட்டர்ன் வைத்து ஸ்கர்ட்டும் டாப்பும் தைப்போர் கவனத்திற்கு

துணியை வெட்ட உதவும் காகித வடிவமான பேட்டர்னை வாங்கி வீட்டிலேயே ஸ்கர்ட்டும் டாப்பும் தைத்து, அவை உடம்பில் பொருந்தாததால் மனம் சோர்ந்து வருபவர்களைத் தையல் பயிற்றுநராக நான் அடிக்கடி சந்திக்கிறேன். பெரும்பாலும் அவர்களுடைய தையலில் குறையே இருக்காது. துணியை வெட்டுவதற்கு முன்பே பிழை நேர்ந்திருக்கும்.

தையற்காரரிடம் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துத் தைத்துப் பழகியவர்கள் நாம். அந்த ஜாக்கெட் நம் உடம்புக்கே உரியது. அச்சிட்ட பேட்டர்னோ, 1863-இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் பல அளவுகளில் காகித வடிவங்களை விற்கத் தொடங்கிய காலம் முதலே, ஒரு பொது அளவு அட்டவணையை வைத்து வரையப்படுவது. அமெரிக்கப் பேட்டர்ன்களில் 12 என்ற எண் பொதுவாக மார்பு 34, இடை 26½, இடுப்பு 36 அங்குலத்தைக் குறிக்கும். அதே எண்ணில் கடையில் கிடைக்கும் ஆயத்த ஆடை இதைவிடப் பெரிதாக இருக்கும். ஆகவே கடையில் வாங்கும் எண்ணை மறந்துவிட்டு, இஞ்ச் டேப்பால் உடம்பை அளந்து, பேட்டர்ன் உறையிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டே அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டாப்புக்கு மார்பளவும், உடம்பை ஒட்டி இறங்கும் ஸ்கர்ட்டுக்கு இடுப்பின் மிக அகன்ற பகுதியின் சுற்றளவும் முதன்மையானவை. மார்பு பெருத்தவர்கள், அக்குளை ஒட்டி மார்புக்கு மேலே எடுக்கும் அளவைக்கொண்டு பேட்டர்னைத் தேர்ந்து, மார்புப் பகுதியை மட்டும் அகலப்படுத்துவது நல்லது. இல்லாவிட்டால் கழுத்தும் தோளும் தொளதொளவென்று நிற்கும்.

உடம்பளவும் தைத்து முடித்த ஆடையின் அளவும் ஒன்றல்ல. மூச்சு விடவும் உட்காரவும் வேண்டிய தளர்வைப் பேட்டர்ன் வரைந்தவரே சேர்த்திருப்பார். அது தெரியாமல் நாமும் இரண்டு அங்குலம் கூட்டினால் ஆடை பையாகத் தொங்கும். உண்மையிலேயே இடுப்பில் இரண்டு அங்குலம் தேவைப்பட்டால், முன்பக்கத்திலும் பின்பக்கத்திலுமாக நான்கு பக்க ஓரங்கள் இருப்பதால், ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் கூட்டினால் போதும். தையலுக்கு விடும் துணியையும் பார்க்க வேண்டும்: பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பேட்டர்ன்களில் அது 1.5 செ.மீ. அளவில் சேர்ந்தே இருக்கும். பர்தா (Burda) என்ற ஜெர்மன் தையல் இதழின் பேட்டர்ன்களில் நாமே சேர்க்க வேண்டும்.

இப்போது பலர் பேட்டர்னைப் பிடிஎஃப் கோப்பாக வாங்கி அச்சிடுகிறார்கள். அச்சுப்பொறி, தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைத் தானாகவே சுருக்கிவிடக்கூடும். 95 விழுக்காட்டில் அச்சானால் 36 அங்குலம் 34.2 ஆகிவிடும், அந்த ஸ்கர்ட் இடுப்பில் ஏறாது. எல்லாத் தாள்களையும் ஒட்டுவதற்கு முன், அளவைச் சரிபார்ப்பதற்கென்றே வரையப்பட்ட சோதனைச் சதுரம் உள்ள பக்கத்தை மட்டும் 100 விழுக்காட்டில் அச்சிட்டு அளவுகோலால் அளந்து பாருங்கள்.

துணி விஷயத்தில் நான் எந்தச் சலுகையும் தருவதில்லை. பருத்தியும் ரேயானும் முதல் சலவையில் சுருங்கக்கூடியவை. ஆடையைப் பின்னர் எப்படித் துவைப்பீர்களோ, அப்படியே துணியைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். பேட்டர்னில் உள்ள நீண்ட அம்புக்குறி, துணியின் கரைக்கு இணையாக, அதாவது பாவு நூலின் திசையில் இருக்க வேண்டும். அம்பின் இரு முனைகளிலிருந்தும் கரைவரை அளந்து, இரண்டும் சமமாக வந்த பின்னரே குண்டூசி குத்துங்கள். துணியை மிச்சப்படுத்த நினைத்துச் சற்றே சாய்த்து வெட்டினால், ஸ்கர்ட் அணிந்து நடக்கும்போது முறுக்கிக்கொள்ளும். அதைப் பிறகு எந்தத் தையலாலும் சரிசெய்ய முடியாது.

உடம்பை ஒட்டிய டாப்பாக இருந்தால், விலை உயர்ந்த துணியில் கை வைப்பதற்கு முன் காடாத் துணியில் வெட்டி, நீளத் தையலில் இணைத்துப் போட்டுப் பாருங்கள். உடம்பின் வளைவுக்கேற்பத் துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் டார்ட்டின் முனை மார்பின் உச்சிக்குச் சற்று முன்பே நிற்கிறதா, கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கிறதா என்பவை அப்போதே தெரிந்துவிடும். வட்ட ஸ்கர்ட்டுக்குச் சோதனைத் தையல் அவ்வளவு தேவையில்லை. ஆனால் சில இடங்களில் அதன் துணி மூலைவாக்கில் விழுவதால் இழுபட்டு நீளும். ஆகவே இடைப்பட்டியைத் தைத்து ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, தரையிலிருந்து சுற்றிலும் சம உயரத்தில் குறியிட்ட பின்னரே கீழ்மடிப்பைத் தைக்க வேண்டும்.