ஸ்டிக்கைத் தொடாமலே பிளேயர் ஏன் நடக்கான்?

பாளையங்கோட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான். "அண்ணே, பிஎஸ்4 கேம் பெட்டியோட கண்ட்ரோலரை கம்ப்யூட்டர்ல மாட்டி ஃபுட்பால் ஆடுதேன், நான் கட்டைவிரலால தள்ளுத ஸ்டிக்கைத் தொடவே இல்ல, பிளேயர் பாட்டுக்கு இடது பக்கமா நடந்து போறான். பிஎஸ்4ல மாட்டினா ஒழுங்கா இருக்கு. கம்ப்யூட்டர்ல வைரஸா?" இதுக்கு நடுவுல கண்ணு பட்டுருச்சுன்னு ஆச்சி மேசைக்கு மேல எலுமிச்சம்பழம் வேற கட்டி விட்டுட்டாவளாம்.

வைரஸும் இல்ல, கண்ணும் இல்லடே. யூஎஸ்பி கேபிள்ல கரண்டுக்கு ரெண்டு வயர், டேட்டாவுக்கு ரெண்டு வயர், சார்ஜ் மட்டும் போடுத மலிவு கேபிள்ல டேட்டா வயரே இருக்காது. நிறைய பிசி கேமுக்கு எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் பாஷைதான் புரியும், கேம் வாங்கி ஆடுத ஸ்டீம்ங்க சாஃப்ட்வேர் நடுவுல நின்னு மொழிபெயர்க்கும். உனக்குத்தான் பிளேயர் நடக்கான்ல, அப்ப இது ரெண்டும் சரி. விண்டோஸ் கீயும் ஆரும் சேர்த்து அமுக்கி, ஜாய் டாட் சிபிஎல்னு (joy.cpl) அடிச்சு, ப்ராப்பர்டீஸ்ல பாரு. கட்டத்துக்குள்ள ஒரு கூட்டல் குறி இருக்கும், கையை எடுத்த பொறவும் அது ஒரு பக்கமா ஒதுங்கிக் கிடந்து துடிச்சா வியாதி ஸ்டிக்லதான்.

எங்க தாத்தாகிட்ட ஒரு பழைய ரேடியோ உண்டு. இலங்கை வானொலி கேட்க வால்யூம் குமிழைத் திருகினா கர்ர்ர்னு சத்தம் வரும், ஒரு இடத்துல பாட்டே நின்னுரும், தாத்தா குமிழை நாலு தடவை அங்கயும் இங்கயும் விறுவிறுன்னு திருகுவாரு, சரியாயிரும். அந்தக் குமிழுக்குள்ள இருந்த சாமான்தான் உன் ஸ்டிக்குக்குள்ளயும் இருக்கு, பேரு பொட்டன்ஷியோமீட்டர், ஒரு ஸ்டிக்குக்கு ரெண்டு, இடம் வலத்துக்கு ஒண்ணு, மேல கீழுக்கு ஒண்ணு.

உள்ள லாடம் மாதிரி வளைஞ்ச கார்பன் தடம், அது மேல குட்டியா ஒரு உலோக விரல் உரசிக்கிட்டே ஓடும். தடத்தோட ரெண்டு முனைக்கும் வோல்டேஜ் குடுத்திருக்கும், விரல் நட்டநடுவுல நின்னா பாதி வோல்டேஜ், அந்த ஓரம் போனா முழுசு, இந்த ஓரம் வந்தா பூஜ்யம். அதை சிப் 0ல இருந்து 255க்குள்ள ஒரு நம்பரா மாத்தும், நடு 128 பக்கம். சரி, விரல் ரொம்ப உரசுத இடம் எது? நடுதான், எங்க போனாலும் திரும்பி அங்கதான வரணும். அங்க கார்பன் தேயுது, தேஞ்ச தூள் அங்கனயே கிடக்கு, மெலிஞ்ச இடத்துல ரெசிஸ்டன்ஸ் கூடுது, பாதி பாதியா இல்லாமப் போகுது, போதாக்குறைக்கு ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்க ஸ்பிரிங்கும் தளர்ந்துருது. நீ சும்மா இருந்தாலும் நம்பர் 112ன்னு போகும், இவன் லேசா இடது பக்கம் தள்ளுதான்னு கேம் நினைச்சுக்கிடும்.

பிஎஸ்4ல இது தெரியாததுக்குக் காரணம் டெட்சோன். நடுவுல ஒரு வட்டம், அதுக்குள்ள எந்த நம்பர் வந்தாலும் கேம் கண்டுக்கிடாது. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரோட இடது ஸ்டிக்குக்கு மைக்ரோசாப்ட் சொல்லி வச்ச அளவு, நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் 32767ன்னா அதுல 7849, கிட்டத்தட்ட 24 சதவீதம்! ஆனா வட்டம் எவ்வளவு பெருசுங்கது அந்தந்த கேமோட இஷ்டம், உன் பிசி கேம்ல அது சின்னது, அவ்வளவுதான்.

ஆச்சிகிட்ட சண்டைக்குப் போகாத. என் கண்ட்ரோலரைத் திறந்துகூடப் பார்க்காம "போர்டு போச்சு தம்பி"ன்னு 1800 ரூபா கேட்டாரு ஒரு கடைக்காரர், எலுமிச்சம்பழம் அதைவிட மலிவுல்லா.

முதல்ல ஸ்டீம்ல டெட்சோனைக் கூட்டு. போதலைன்னா ஆஃப் பண்ணிட்டு ஸ்டிக் அடியில எலக்ட்ரானிக்ஸ் சாமானைச் சுத்தம் பண்ணுத காண்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரேயை லேசா அடிச்சு, தாத்தா மாதிரி நல்லா சுத்தி விட்டு காய வை, தூள் விலகிரும். தேஞ்ச கார்பன் திரும்பி வராது, அதனால கொஞ்ச நாள்தான் தாங்கும்.

உரசலே வேண்டாம்னா ஹால் எஃபெக்ட் ஸ்டிக். 1879ல எட்வின் ஹால்னு ஒரு ஆராய்ச்சி மாணவர் கண்ணாடியில ஒட்டின தங்கத் தாள்ல கரண்டை விட்டு காந்தத்தைக் காட்டினாரு, கரண்டுக்குக் குறுக்கால துளியூண்டு வோல்டேஜ் வந்துச்சு. எலக்ட்ரானையே 1897லதான் கண்டுபிடிச்சாவ! ஸ்டிக்ல ஒரு காந்தம் ஒட்டி, அது எவ்வளவு சாஞ்சிருக்குன்னு தொடாமலே இப்படி அளந்துரலாம், 1998ல வந்த ட்ரீம்காஸ்ட்ங்க கேம் பெட்டியோட கண்ட்ரோலர்லயே இது இருந்துச்சு. நம்ம ஊர்ல ஆராய்ச்சி பண்ணுத புள்ளைகளுக்கு உதவித்தொகையே மாசாமாசம் வர மாட்டேங்கு, இதுல பிரயோஜனம் என்னன்னு முதல் பக்கத்துலயே எழுதணுமாம், ஹால் என்னத்த எழுதியிருப்பாரு?

ஒண்ணு, ஸ்டிக்கை மாத்த 14 இடத்துல ஈயத்தை உருக்கி எடுக்கணும், அவசரப்பட்டா போர்டுல இருக்க செம்புத் தடமும் சேர்ந்து உரிஞ்சு வந்துரும். முதல்ல ஒரு செத்த போர்டுல பழகு, நான் ரெண்டு போர்டைக் கொன்னுட்டுதான் பழகினேன்.