கேசட் அட்டையை எடைக்குப் போடாதீர்கள்

“பாட்டெல்லாம் பென்டிரைவ்ல ஏத்தியாச்சு. அட்டையும் டப்பாவும்தான் இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, எடைக்குப் போட்டுட்டோம்.”

இசை நூலகப் பணிக்குப் புதிதாக வந்தவர்கள் நல்ல மனதோடுதான் இதைச் சொல்கிறார்கள். இந்த வாரம் மறுபடியும் ஒரு பெட்டி இப்படிப் போயிருக்கிறது. அத்தனையும் தெருக்கூத்து. மிஞ்சியது ‘ட்ராக் 01’ முதல் ‘ட்ராக் 64’ வரை எம்பி3 கோப்புகள். எந்த ஜமா (கூத்துக் குழு), எந்த ஊர்த் திரௌபதியம்மன் கோயில், பாரதத்தில் எத்தனையாம் நாள் கூத்து, முகவீணை என்ற சிறு குழல் வாசித்தவர் யார்? ஒன்றுக்கும் பதில் இல்லை. குரல் இருக்கிறது, ஆள் இல்லை.

பழைய வட ஆற்காட்டுப் பக்கம் இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளே, நூலக அறிவியல் பட்டம் வேண்டும், ஓரளவு இசைப் பயிற்சியும் வேண்டும். ஆனால் இரண்டும் உள்ளவர்கள்தான் அந்த அட்டைகளையும் எடைக்குப் போட்டார்கள்.

ஒரு கேசட் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீலப் பேனாவில் ‘கர்ண மோட்சம் 3’ என்றிருக்கும். மூலையில் கூத்து வாத்தியார் பெயர். அடியில், பாதி அழிந்து, ‘வ.ஆ. அம்பேத்கர் மா.’ வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்: வட ஆற்காடு 1989-இல் பிரிந்தபோது வந்த பெயர் அது. ஆக, தேதியே எழுதாத அந்த அட்டை 1989-க்கு முந்தியதல்ல என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. அதே ஊர் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கலாம். அந்த மாவட்டம் வந்தது 2019-இல். அட்டவணையில் அட்டையில் உள்ளபடியே ஒரு கட்டத்திலும், இன்றைய மாவட்டத்தைத் தனிக் கட்டத்திலும் எழுதுங்கள். ‘திருத்துகிறேன்’ என்று பழைய பெயரை அடித்துவிடாதீர்கள்.

அந்த ‘3’ என்ற எண்ணையும் கவனியுங்கள். இரவு பத்துக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு வரை போகும் கூத்து எட்டு மணி நேரம். சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம், ஆக ஆறு கேசட். எண் போனால் வரிசை போயிற்று. ஆறாவதின் பின்பக்கம் மிச்சப்படும் என்பதால் அதில் ஒரு கல்யாண நாதசுரமோ திருப்புகழ் பஜனையோ சர்ச் கீர்த்தனையோ இருக்கும். ‘கூத்து முடிந்தது’ என்று டெக்கை, அதாவது கேசட் ஓட்டும் கருவியை, நிறுத்திவிடாதீர்கள்.

இனி, என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் நம்பிக்கைக்கு வருகிறேன்: டிஜிட்டல் ஆக்கிவிட்டால் மூலம் தேவையில்லை என்பது. முதல் தடவை எடுத்த கோப்பு பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். டேப்பைத் தொட்டு ஒலியைப் பதியவும் படிக்கவும் செய்வது ஹெட். வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிந்தபோது அதன் சாய்வு ஒரு மாதிரி, உங்கள் டெக்கில் வேறு மாதிரி. அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் கைத்தாளத்தின் கணீர் ஒலி மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்கும். பலர் இதை ‘டேப் பழசு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டேப் பழசு இல்லை. ஹெட் பக்கத்துச் சிறு திருகை, ஒவ்வொரு கேசட்டுக்கும், உச்ச ஒலி தெளிவாக வரும்வரை மெல்லத் திருப்பவேண்டும். இது தெரிந்தபின் மறுபடி எடுக்க மூலம் வேண்டாமா? எம்பி3 ஆக்கியபோது உதிர்ந்த ஒலியை எங்கே போய்த் தேடுவது? பாதுகாப்புப் பிரதி என்றால் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 2 ஜிபி; ஒரு ராத்திரிக் கூத்துக்கு 16 ஜிபிக்கு மேல். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். பென்டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்கத்தான், காப்பாற்றி வைக்க அல்ல.

பெட்டி வந்ததும் எதையும் ஓட்டாதீர்கள். முதலில் எண் கொடுங்கள், அட்டையின் இரு பக்கமும் படம் எடுங்கள். பழைய லேபிள்மேல் புதிய லேபிள் ஒட்டக்கூடாது. கேசட் ஜன்னல் வழியே டேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. தனிப் பையில் போட்டு விலக்கி வையுங்கள், ஓட்டினால் டெக் வழியாக மற்ற கேசட்டுக்கும் பரவும். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் குட்டிப் பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருந்தால், திருகு வைத்த வேறு கேசட் கூட்டுக்கு டேப்பை மாற்றுங்கள்.

வேலூர் வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. கான்கிரீட் கூரைக்கடியில் லாஃப்ட் வேண்டாம், மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் வேண்டாம். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்ற பழக்கம் ஏசியே இல்லாததைவிடக் கெடுதல். அந்துருண்டை போடவே போடாதீர்கள். டப்பா பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், அந்துருண்டை ஆவியில் இளகி ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று: ஹெட் துடைக்கும் ஸ்பிரிட்டைப் பழைய 78 சுற்று இசைத்தட்டில் தொட்டுவிடாதீர்கள். அது அரக்கு, கரையும்.

நூலகப் பகுப்பு முறைகளில் டூயியின் 780-இல் (இசைக்கான எண்) வைப்பதா ரங்கநாதனின் கோலன் பகுப்பில் வைப்பதா என்று பேச நேரம் பிறகு கிடைக்கும். முதலில் தலைப்பை முழுசாக எழுதப் பழகுங்கள். ‘நகுமோமு’ என்று மட்டும் எழுதினால் ஆபேரியில் உள்ள ‘நகுமோமு கனலேனி’யா, மத்யமாவதியில் உள்ள ‘நகுமோமு கலவானி’யா? இரண்டும் தியாகராஜர்தான். ராகம் உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். ‘அட்டையில் இல்லை’ என்று எழுதுவதில் அவமானம் ஒன்றும் கிடையாது.

வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு நம் சட்டப்படி 60 ஆண்டு பதிப்புரிமை, நிகழ்த்திய கலைஞருக்கு 50 ஆண்டு உரிமை. உரிமை உள்ளவர்களிடம் கையெழுத்து வாங்காமல் யூடியூபில் ஏற்றாதீர்கள்.

அட்டையை ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இன்றே அந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போய்க் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் கோப்புகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் மூத்த வாத்தியார்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குரல் இரண்டு வரி கேட்டதும் ஆள் பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவர்கள் சொன்னதை எழுதுங்கள். சொன்னது யார், எந்தத் தேதியில் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தயவுசெய்து இந்தப் பங்குனிக்குள் போய்விடுங்கள். அடுத்த பங்குனிக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது.