கோபம் என்ற ஒரு சொல் போதாது

மாலை ஐந்தரை மணி. வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் நின்றபடி, கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பிய செய்தியைப் படித்தேன். "அம்மாவை நீ ஒழுங்காகக் கவனிப்பதில்லை போல் இருக்கிறது." அன்று காலைதான் அரைநாள் லீவு போட்டு அம்மாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போய் வந்திருந்தேன். காது சுட்டது, விரல் நடுங்கியது. பாணந்துறை ரயில் வந்து போனதைக் கவனிக்கவே இல்லை. பதிலாகப் பத்து வரி எழுதியிருந்தேன், பத்தும் நெருப்பு.

அந்த நேரத்தில் உடம்புக்குள் நடப்பது இதுதான். மூளையின் இரு பக்கங்களிலும் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. எதிரே இருப்பது பாம்பா, அக்காவின் ஒரு வரியா என்று அது நின்று விசாரிப்பதில்லை. அது எழுப்பும் எச்சரிக்கையில் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அதிரினலினைக் கொட்டுகின்றன. இதயம் விரைகிறது, கைகால் தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. அதிரினலின் சில நிமிடங்களில் குறைந்துவிடும். ஆனால் பின்னால் வரும் கோட்டிசோல் என்ற இன்னொரு சுரப்பு உச்சத்தைத் தொடுவதற்கே இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். சண்டை முடிந்து நெடுநேரமாகியும் நெஞ்சு ஆறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"உள்ளே வைக்காதே, கொட்டித் தீர்த்துவிடு" என்று சொல்வார்கள். நானும் நெடுங்காலம் அதை நம்பினேன். 2002இல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினரை, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். வேறு சிலர் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களின் கோபமே கூடியிருந்தது. கொட்டினால் தீரும் என்பது உண்மையல்ல.

அப்படியானால் எதுதான் தணிக்கும்? இந்தத் துறையில் என்னை மிகவும் அசைத்த ஆய்வு 2007இல் வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மத்தியூ லீபர்மனும் குழுவினரும் முப்பது பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, சினந்த முகங்களையும் பயந்த முகங்களையும் காட்டினார்கள். முகத்துக்கு ஏற்ற ஆண் பெயரையோ பெண் பெயரையோ தெரிவுசெய்தபோது அமிக்டலா அடங்கவில்லை. "கோபம்", "பயம்" என்று உணர்ச்சியின் பெயரைத் தெரிவுசெய்தபோது அது தணிந்தது, நெற்றிக்குப் பின்னால் வலப்பக்க முன்மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. பார்த்தவர்களுக்கு யாரும் சமாதானம் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. உணர்ச்சிக்கு ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

பெயர் எவ்வளவு நுட்பமாக இருக்கிறது என்பதும் முக்கியம். தன் உணர்ச்சிகளை நுணுக்கமாகப் பிரித்தறிபவர்கள் அவற்றைக் கையாள்வதிலும் தேர்ந்தவர்களாக இருக்கிறார்கள் என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கே தமிழர் கையில் பெரிய சொத்து இருக்கிறது. தொல்காப்பியம் உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை மெய்ப்பாடு என்று அழைத்து, எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறது. அழுகைக்குச் சொன்ன நான்கில் முதலாவது இளிவு, அதாவது பிறர் தன்னை இகழ்ந்து எளியவனாக்குவது. அதைப் படித்த நாளில் சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எத்தனை தடவை அந்த அழுகையைக் கோபம் என்று நினைத்து யார்மீதாவது எறிந்திருக்கிறேன்!

நம் பேச்சிலும் அந்தரம், ஏக்கம், எரிச்சல், மனப்புழுக்கம், வெப்பிசாரம் என்று எத்தனை சொற்கள். ஓயாத மனப்பதற்றத்தை நம் உளவியலாளர்கள் பதகளிப்பு என்கிறார்கள். இவற்றை எல்லாம் விட்டுவிட்டு "டென்ஷன்" என்ற ஒன்றுக்குள் அனைத்தையும் அடைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அன்று பிளாட்பாரத்தில் கடலைப் பார்த்தபடி எனக்குள்ளே கேட்டுப்பார்த்தேன். கோபமா? ஓரளவுக்குத்தான். அதன் அடியில், செய்தது யார் கண்ணிலும் படவில்லையே என்ற இளிவு. அதற்கும் அடியில், போன வாரம் முழுவதும் அம்மாவிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை என்ற குற்ற உணர்வு. அதைக் கண்டுபிடித்தபோது சுட்டது. ஆனால் விரல் நடுக்கம் நின்றுவிட்டது.

எழுதிப் பார்ப்பதும் உதவும். 1986இல் ஜேம்ஸ் பெனபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாட்கள் தினமும் பதினைந்து நிமிடம் தங்களை வதைத்த அனுபவத்தை எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களின் மனம் கனத்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

சிந்திப்பது வேறு, அசைபோடுவது வேறு. "ஏன் எனக்கு மட்டும்" என்று அதே காட்சியை மீண்டும் மீண்டும் ஓட்டினால் புண் ஆறாது. ஈதன் குரொஸ் என்ற ஆய்வாளர் சொல்லும் வழி எளிது: "நான்" என்பதை விட்டு, உங்களை உங்கள் பெயராலேயே அழைத்து, ஏன் இப்படி உணர்கிறாய் என்று கேளுங்கள். அந்தச் சிறு இடைவெளியில் சிநேகிதருக்குச் சொல்வதைப் போல உங்களுக்கே ஒன்றைச் சொல்லிக்கொள்ள முடிகிறது.

வாரக்கணக்காக நித்திரை இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் தனியே கொப்பியைத் திறந்து உட்காராதீர்கள். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.

பத்து வரியையும் அழித்துவிட்டு அக்காவுக்கு ஒன்றை மட்டும் அனுப்பினேன்: "அக்கா, நீங்கள் அப்படிச் சொன்னது மனதை நோகச்செய்துவிட்டது." ரயிலில் ஏறுமுன்னே அழைப்பு வந்தது. அம்மா இரண்டு நாட்களாகத் தொலைபேசியை எடுக்கவில்லையாம். "இங்கே இருந்துகொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரே அந்தரமாக இருந்தது" என்றார்.