தரவு கசிந்தால் முதலில் கடிதம், பிறகுதான் வழக்கு

"கம்பனிக்காரன் எங்கட விவரத்தையெல்லாம் வெளியில விட்டுட்டான். எவ்வளவு நட்டஈடு கேட்கலாம்?" கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். அமெரிக்காவில் சொந்தக்காரர் இருந்தால் ஈக்விஃபேக்ஸ் கதையும் கூடவே வரும். 2017இல் அந்தக் கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. 2019இல் 70 கோடி டொலர் வரை கொடுக்க இணக்கம் ஏற்பட்டது. ஆளுக்கு 125 டொலர் என்று பேச்சு அடிபட்டது. ஆனால் கேட்டவர்கள் கூடிப்போனதால் பலருக்குக் கிடைத்தது சில டொலர்கள்தான். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

இங்கே அந்த வசதியும் இல்லை. ஒருவர் வழக்குப் போட, பாதிக்கப்பட்ட இலட்சம் பேரும் தானாகவே பங்கு பெறும் முறை இலங்கைச் சட்டத்தில் கிடையாது. ஒரே அக்கறையுள்ள பலருக்காகச் சிலர் வழக்காட, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆகவே கசிவு நடந்தது என்பது மட்டும் பணமாகாது. அதனால் உங்களுக்கு என்ன இழப்பு, அந்த இழப்பு அந்தக் கசிவால்தான் வந்தது என்பதற்கு என்ன சான்று, இந்த இரண்டுக்கும் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும். இரண்டாவதில்தான் பெரும்பாலான வழக்குகள் தடுக்கி விழுகின்றன.

வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவருடைய விஷயத்தைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அவருக்கு அழைப்பு வந்தது. அழைத்தவனுக்கு இவருடைய ஒப்பந்த இலக்கம், கடைசியாகப் பணம் கட்டிய திகதி எல்லாமே தெரிந்திருந்தது. நம்பி ஓடிபியைச் சொல்லிவிட்டார், கணக்கில் இருந்த பணம் வழித்தெடுக்கப்பட்டது. நிறுவனம் கையை விரித்தது: "விவரம் எங்களிடமிருந்துதான் போனது என்று என்ன நிச்சயம்?" நியாயமான கேள்விதான். எத்தனையோ இடத்தில் நாம் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்த நிறுவனத்தின் பற்றுச்சீட்டுகளில் மட்டும் இவருடைய இரண்டு இனிஷியல்களும் இடம் மாறி அச்சாகியிருந்தன. தமிழ்ப் பெயருக்கு இங்கே படிவங்களில் நேரும் வழக்கமான கதி. மோசடிக்காரன் அனுப்பிய எஸ்எம்எஸ்ஸிலும் இனிஷியல்கள் அதே மாதிரி இடம் மாறியிருந்தன. பற்றுச்சீட்டையும் எஸ்எம்எஸ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடிதம் போன பிறகுதான் நிறுவனத்தின் தொனி மாறியது.

எனவே போனை 'ரீசெட்' செய்யாதீர்கள். மோசடிச் செய்தியை ஆத்திரத்தில் அழித்துவிடவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தது நல்லதுதான், ஆனால் மூலச் செய்தி அந்தப் போனிலேயே இருக்கட்டும். அழைப்பு வந்த நேரம், இலக்கம், என்ன சொன்னான் என்பதை அன்றே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைக் குறுக்கு விசாரணையில் சல்லடையாகத் துளைத்துவிடுவார்கள்.

அடுத்தது கடிதம். நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில், மின்னஞ்சலிலும் ஒரு பிரதியோடு. என்னுடைய எந்தெந்த விவரங்கள் போயின, எப்போது போயின, உங்களுக்கு எப்போது தெரிந்தது, யாருக்கு அறிவித்தீர்கள், இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். திட்ட வேண்டாம், தொகையும் கேட்க வேண்டாம். இது தகவல் கேட்கும் கடிதம். நட்டஈடு கேட்கும் கோரிக்கைக் கடிதம் பிறகு சட்டத்தரணி மூலம் போகட்டும். பதில் வந்தால் அது சான்று. வராவிட்டால், கேட்டும் பதில் தரவில்லை என்பதும் நீதிமன்றத்தில் பேசும். வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்குப் பத்துத் தடவை அழைத்து மனம் நொந்துபோனதற்கு எந்தப் பதிவும் உங்கள் கையில் இருக்காது.

போனது அடையாள அட்டை இலக்கம் என்றால் அலட்சியமாக இருக்கக் கூடாது. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டப்பட்டிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் நான்கு எண்ணில் வரும். அதாவது இலக்கம் போனால் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்தே போய்விடும். மின்னஞ்சலில் வரும் கணக்கு அறிக்கைகளுக்கு அதே இலக்கத்தைக் கடவுச்சொல்லாக வைக்கும் வழக்கம் வேறு! கடவுச்சொல்லை மாற்றலாம், இந்த இலக்கத்தை மாற்ற முடியாது. உங்கள் பெயரில் யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை எடுத்துப் பாருங்கள். சொந்த அறிக்கையை யாரும் கேட்டுப் பெறலாம். உங்கள் இலக்கத்தில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று தொலைபேசி நிறுவனங்களிடமும் கேளுங்கள்.

பணம் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் வங்கி. அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். பிறகு எழுத்திலும் கொடுங்கள். வங்கியின் பதிலில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935. வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். "ஓடிபி கொடுத்தது நீங்கள்தானே" என்று வங்கி சொல்வதைக் கேட்டுப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நம் பக்கத்திலும் கவனக்குறைவு இருந்தால் நட்டஈடு அந்தப் பங்குக்குக் குறையலாம். ஆனால் கேட்கும் உரிமையே போய்விட்டது என்று ஆகாது.

குற்ற முறைப்பாட்டுக்குக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு, அல்லது உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம். தொழில்நுட்ப உதவிக்கு, கணினி அவசர நிலைகளைக் கவனிக்கும் அமைப்பான இலங்கை சேர்ட், இலக்கம் 101. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, குற்றவாளியாகக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆனால் அதற்கு ஆள் அகப்பட வேண்டும். பெரும்பாலும் அகப்படுவதில்லை.

இங்கே கொழும்புத் தமிழருக்கென்று ஒரு வார்த்தை. பொலிஸில் நாம் தமிழில் சொல்ல, அவர்கள் சிங்களத்தில் எழுத, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். பிறகு அந்த முறைப்பாட்டில் "வாடிக்கையாளரே விருப்பத்துடன் விவரம் கொடுத்தார்" என்ற மாதிரி ஒரு வரி இருந்து காலை வாரும். தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டிலேயே தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் வேலை சுலபம். இல்லையென்றால் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். முறைப்பாட்டின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, புதிய சட்டம்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. உங்கள் தரவைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமைகளை அது வகுத்திருக்கிறது. கசிவு நடந்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு நிறுவனம் அறிவிக்க வேண்டும் என்கிறது. ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் வைத்திருக்கிறது. அந்தத் தண்டப்பணம் உங்கள் கணக்குக்கு வராது, அரசுக்குப் போகும். இந்தச் சட்டம் ஒரே நாளில் அமுலுக்கு வந்ததும் அல்ல. அதிகாரசபை பற்றிய பகுதி 2023 யூலையில் வந்தது. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் வர இருந்து தள்ளிப்போயின. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. உங்கள் கசிவு நடந்த நாளில் எந்தப் பகுதி அமுலில் இருந்தது என்று வர்த்தமானியைப் பார்த்துச் சொல்வது சட்டத்தரணியின் முதல் வேலை.

அந்த முக்கிய பகுதிகள் அமுலுக்கு வரும்வரைக்கும் பழைய உரோமன் டச்சுச் சட்டம்தான் கைகொடுக்கிறது. கவனக்குறைவால் பண இழப்பு என்றால் ஒரு வகை வழக்கு. மருத்துவ அறிக்கை போன்ற அந்தரங்க விஷயத்தை வேண்டுமென்றே வெளியிட்டு ஒருவரின் மானத்தைக் கெடுத்தால் இன்னொரு வகை. இந்தத் தீங்கியல் வழக்குகளுக்குக் காலவரையறை இரண்டு ஆண்டுகள். எழுத்து மூல ஒப்பந்தத்தை மீறியதாகக் கேட்டால் ஆறு ஆண்டுகள். நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் பின்பக்கத்தில் "வாடிக்கையாளர் தகவல் இரகசியமாகப் பேணப்படும்" என்ற சின்ன எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் யாரும் வாசிக்காத அந்த வரி நான்கு ஆண்டுகளைக் கூட்டித் தரலாம்.

கசியவிட்டது அரச நிறுவனம் என்றால் கணக்கு வேறு. அடிப்படை உரிமை மீறல் மனுவை உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்தரங்க உரிமை என்று நம் அரசியலமைப்பு தனியாக எதையும் சொல்லவில்லை. அதனால் சமத்துவ உரிமை போன்ற வேறு உறுப்புரைகளின் கீழ்தான் வாதத்தைக் கட்ட வேண்டியிருக்கும், சுலபமில்லை. என்ன நடந்தது என்று அறிய 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து ஒரு மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

செலவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருபதாயிரம் ரூபாய் இழப்புக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக அலைவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அந்த அளவுக்குக் கடிதமும் ஒம்புட்ஸ்மனும் போதும். சிறிய தொகைப் பிணக்குகளைச் சட்டமே முதலில் மத்தியஸ்த சபைக்கு அனுப்புகிறது. போன தொகை இலட்சக்கணக்கில், கையில் சான்றும் இருக்கிறது, சட்டத்தரணிக்குக் கட்டப் பணம் இல்லை என்றால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து இலவசமாக எடுத்துக்கொள்வார்கள். போகும்போது பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, வங்கி அறிக்கை, அந்தப் போன் நான்கையும் கொண்டுபோங்கள்.