பெக்கோ வருவதற்கு முன்

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு காணியைப் பார்க்கச் சென்றிருந்தேன். எனக்கு முன்னரே மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது. இருபதடி அகலத்துக்கு நிலம் சமப்படுத்தப்பட்டு, பின்பக்கம் ஏறத்தாழப் பன்னிரண்டடி உயரத்தில் மண் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய மண் முழுவதும் கீழே தேயிலைக்குள் தள்ளப்பட்டிருந்தது. கூரையில் சூரிய மின்தகடுகள் பொருத்திப் பசுமை வீடு ஒன்று கட்டப் போவதாக உரிமையாளர் ஆர்வத்தோடு கூறினார். அந்த ஆர்வத்தை நான் குறை கூற மாட்டேன். ஆனால், மலையகத்தில் ஒரு வீடு சூழலுக்குச் செய்யும் கேட்டில் பெரும்பகுதி, அத்திவாரம் போடுவதற்கு முன்னரே, முதல் இரண்டு நாள் மண்வேலையில் நடந்து முடிந்துவிடுகிறது என்பதே வீடுகளுக்கு வரைபடம் வரையும் என் தொழில் எனக்குக் காட்டியது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 30 பாகைச் சரிவில் 20 அடி அகலமும் 30 அடி நீளமுமான தளத்தை முழுவதும் வெட்டியே எடுத்தால், பின்பக்க வெட்டு 11½ அடி உயரமாகும். ஏறக்குறைய 35 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் வெளியேறும். அதே வீட்டை 10 அடி அகலமான இரண்டு படிகளாக வகுத்தால், ஒவ்வொரு வெட்டும் 6 அடிக்குள் அடங்குவதோடு, மண்ணின் அளவும் சரிபாதியாகக் குறைகிறது. பன்னிரண்டடி வெட்டைத் தாங்கும் அணைசுவர் கம்பியையும் கொங்கிரீட்டையும் விழுங்கும். ஆறடிக்கு, பின்னால் சல்லி நிரப்பி நீர் கசியத் துளைகள் விட்ட கருங்கல் சுவரே பெரும்பாலும் போதும். படிவீட்டில் முதியவர்கள் ஏறி இறங்கச் சிரமப்படுவார்கள் என்ற மறுப்பு நியாயமானது. அதனால் பாதையோடு ஒட்டிய தட்டிலேயே ஒரு படுக்கையறையையும் மலசலகூடத்தையும் வைத்து வரைவது என் வழக்கம்.

கீழே தள்ளிய மண் தேயிலைக்குள்ளேயே கிடப்பதில்லை. அடுத்த மழையில் வடிகானில் இறங்கி, கான் அடைபட்டுக் கரை உடைந்து, ஓடையில் சேருகிறது. தலவாக்கலையில் அது போய்ப் படிவது மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில். இன்னொன்றும் உண்டு. தோட்டங்களில் பலருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட ஏழு பேர்ச் காணியின் பரப்பு சுமார் 1,900 சதுர அடிதான். மேல்வீடு அவ்வளவு நெருக்கத்தில் இருப்பதால் நாம் வெட்டுவது நம் காணியின் பின்சுவரை மட்டுமன்று, மேல்வீட்டுக்காரரின் முற்றத்தின் அடிநிலத்தையும்தான்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதையுண்ட பிறகு மலையகத்தில் மண்சரிவைப் பற்றி எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அறிக்கையைப் பெற வேண்டும். ஆயினும் பலர் அதைப் பிரதேச சபைக் கோப்பில் செருகும் இன்னொரு தாளாகவே கருதுகிறார்கள். நிலத்தை வெட்டிவிட்டு அறிக்கைக்கு விண்ணப்பிப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

மண்ணுக்கு அடுத்தது தண்ணீர். 700 சதுர அடிக் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 6,500 லீற்றர் நீர் வழியும். கூரைப் பீலியோ வடிகானோ இல்லாத வீட்டில் அவ்வளவும் சுவரடியில் விழுந்து, வெட்டிய மண்ணுக்குள் இறங்குகிறது. பீலி, ஒரு தாங்கி, தாங்கி நிரம்பினால் நீரைக் கருங்கல் பதித்த கானுக்குக் கொண்டுசெல்லும் குழாய் ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு சூரிய மின்தகடுகளுக்கு ஆவதைவிட மிகக் குறைவு. என் வரைபடங்களில் இவை முதலில் வரும், தகடுகள் பிறகு.

கட்டுமானப் பொருள்களிலும் உள்ளூரிலேயே வழியிருக்கிறது. ஒரு தொன் சீமெந்து உற்பத்தியாகும்போது ஏறக்குறைய 600 முதல் 900 கிலோ வரை காபனீரொட்சைட்டு வெளியாகிறது. வெட்டிய மண்ணில் மணற்பாங்கு போதுமானதாக இருந்தால், இலைமக்கு கலந்த மேல்மண்ணை நீக்கிவிட்டு, சிறிதளவு சீமெந்து சேர்த்து அழுத்தி, சூளையில் சுடாமல் மண்கற்கள் செய்யலாம். களிமண் மிகுந்தால் கல்தூள் கலக்க வேண்டும். மூன்று நான்கு கிழமைகள் ஈரம் காயாமல் பதப்படுத்தாத கற்கள் மழைக்கு நிற்கமாட்டா. அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

கொழும்பு வீட்டுப் படத்தை அப்படியே இங்கு கொண்டுவருவது வீண். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நாம் தேடுவது காற்றோட்டமான நிழலையன்று, காலை வெயிலை. ஆகவே பெரிய யன்னல்கள் கிழக்கே இருக்கட்டும். அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசு புற்றுநோயை உண்டாக்குவது என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. தகரம் போடுவோர் அடியில் காற்றிடைவெளி விட்டுப் பலகைக் கூரைத்தட்டு அமைக்காவிட்டால், குளிர்ந்த இரவுகளில் தகரத்தில் நீர் அரும்பிப் படுக்கையில் சொட்டும்.

கடைசியாக மலசலக் குழி. வீட்டுக்கு மேலுள்ள சரிவில் தோண்டப்படும் உறிஞ்சுகுழி ஆண்டு முழுவதும் மண்ணை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். கீழேயுள்ள ஊற்றையும் கெடுக்கும். தலவாக்கலை உரிமையாளர் அதை அந்தப் பன்னிரண்டடி வெட்டின் மேல்விளிம்பில்தான் குறித்து வைத்திருந்தார். குழியை இடம் மாற்றினோம். வெட்டைக் கருங்கல்லால் இரண்டு படியாக்கினோம். தள்ளிய மண்ணில் பாதியைத்தான் மீட்க முடிந்தது.